வாசலில் சொல்லாத சேதி

கோடைக்கானல் கடைத்தெருவில் ஜலாலுதீன் வாத்தியாரைப் பற்றி வேடிக்கையாக ஒரு பேச்சு உண்டு. அடங்காத பிள்ளைகளைக் கண்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும் என்பார்கள். "இவன் கைபடாத சாமான் வீட்ல இல்லைங்க, தோலை உரிச்சுருங்க" என்று பெற்றவர்கள் தரதரவென்று இழுத்து வந்து விடுகிற பையனை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னடா, நேத்து எதைப் போட்டு உடைச்சே?" என்று கதை கேட்பார். ஆனால் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. இரண்டாம் நாளே அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"கத்துற பிள்ளையை விட்டுட்டு, கம்முன்னு இருக்குற பிள்ளை வீட்டு வாசல்ல போய் நிக்கிறீங்களே, ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று அவர் மனைவி மதீனா பீவி ஆரம்பத்தில் சண்டை பிடித்தாள். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியிருந்த நேரத்தில் அவர் அவளிடம் கந்தம்மாளைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் சண்டை பிடிக்கவில்லை. அவர் புறப்பட்டால் குடையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

ஜலாலுதீன் பிறந்தது பழனியில். அப்பா ஜமால் முகம்மதுவுக்குக் கடைவீதியில் கயிறும் சாக்கும் லாந்தரும் விற்கிற கடை. ஒரே மகன் கடையில் உட்காராமல் வாத்தியார் பயிற்சிக்குப் போனதில் அவருக்கு வருத்தம். "கயிறு வித்தவன் மகன் பிரம்பு பிடிக்கப் போறானாம், கயிறாவது சோறு போடும்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். மகனுக்கு உத்தரவு வந்ததோ மலைமேல். கூக்கால் ஏரிக்கும் மேலே, பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிற சிறு குடி ஒன்றில் போர்டு பள்ளிக்கூடம். இருபத்தைந்து வயதில், ஒரு டிரங்குப் பெட்டியைப் பொதிமாட்டின் மேல் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க வாங்க அவர் அந்த மலை ஏறினார்.

அந்த நாளில் மலைமேல் விளைவதெல்லாம் மாட்டு முதுகில்தான் இறங்கும். பூண்டு மூட்டை கீழே போகும். அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் மேலே வரும். மாடுகளின் கழுத்து மணிச் சத்தம் இரண்டு வளைவுக்கு முன்பே ஊருக்குள் கேட்டுவிடும். அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வருவார்கள்.

பள்ளிக்கூடம் என்பது புல் வேய்ந்த ஒற்றை அறை. ஊரார் புது வாத்தியாரைப் 'பாய் வாத்தியார்' என்று அழைத்தார்கள். பாலும் கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரும் மரியாதையாக நடந்துகொண்டார். ஒரே ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். பிரம்பு ஓங்கினால்தான் பிள்ளை படிக்கும் என்று அவர் முழுமனதாக நம்பினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் அடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் உருப்படவில்லையா என்ன? அடியில் அவர் ஓரவஞ்சனை பார்த்ததில்லை. குற்றம் செய்தவர்களுக்கு ஒரே அளவாகத்தான் விழும்.

கந்தம்மாள் நாலாம் வகுப்பு. ஒன்பது வயதிருக்கும். கணக்குச் சொன்னால் மற்றவர்கள் விரலை மடக்குவதற்குள் விடை சொல்லிவிடுவாள். அவள் அப்பன் செல்லப்பாண்டி பொதிமாடு ஓட்டுகிறவன். மலை ஏறி வரும்போதெல்லாம் பள்ளிக்கூட வேலியருகே மாட்டை நிறுத்தி, "வாத்தியாரே, எங்க வீட்டு மகாராணி படிக்குதா, இல்ல பராக்குப் பாக்குதா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு வேலிக்கு மேல் ஒரு கருப்பட்டித் துண்டை எறிவான். மகாராணி அதைப் பிடிக்க எழுந்தால் அவளுக்கு ஓர் அடி உண்டு. அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே கருப்பட்டியைச் சப்புவாள்.

அந்த வருஷம் புரட்டாசி கழிந்ததும் மாடுகள் செல்லப்பாண்டி இல்லாமல் திரும்பி வந்தன. கூடப் போயிருந்த சேனாதிபதிதான் இரண்டு பேர் மாடுகளையும் ஓட்டி வந்தான். "செல்லப்பாண்டிக்கு ஆயக்குடியில ஏதோ சோலி. அடுத்த நடைக்கு வந்துருவான்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜலாலுதீனும் அதையே கேட்டார், அதையே நம்பினார்.

அதற்குப் பிறகுதான் கந்தம்மாள் மாறினாள்.

மணிச் சத்தம் கேட்டால் பாதி வரியில் பலகையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். மாடுகள் தாண்டிப் போகும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வந்ததும் யாரையாவது அடிப்பாள். வெளியே பாண்டி விளையாடினால், அவள் கோட்டை மிதித்தாலும் மற்றப் பெண்கள் "நீ மிதிக்கல, நீ ஆடு" என்று விட்டுக்கொடுத்தார்கள். அதற்காகவே அவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு நாள் அவள் பலகை உடைந்துபோயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கமுத்து என்ற பெண் தன் பலகையை நீட்டி, "இதுல எழுதிக்க, எனக்கு வேண்டாம்" என்றாள். கந்தம்மாள் அவள் கையைக் கடித்தாள். பற்கள் பதிந்து ரத்தம் கசிந்தது.

ஜலாலுதீனுக்குக் கோபம் தலைக்கேறியது. உபகாரம் செய்தவளைக் கடிக்கிற பிள்ளையை என்னவென்று சொல்வது?

"கையை நீட்டு."

நீட்டினாள். அவர் அடித்தார். அவள் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மறு கையையும் தானாக நீட்டினாள். அந்தப் பார்வையில் திமிர் இருப்பதாக அவருக்குப் பட்டது. இன்னும் ஓங்கி அடித்தார். அப்போது கடிபட்ட தங்கமுத்துவே எழுந்து நின்றாள்.

"அவளை அடிக்காதீங்கய்யா."

"உன்னைத்தானே கடிச்சா?"

"பரவால்லைங்கய்யா."

"ஏன் அடிக்கக்கூடாது? சொல்லு."

தங்கமுத்து தரையைப் பார்த்தாள். அவர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். கந்தம்மாள் ஒருத்தி மட்டும்தான் நிமிர்ந்து நின்றாள், நீட்டிய கையோடு.

அன்று சாயங்காலம் அவர் செல்லப்பாண்டி வீட்டுக்குப் போனார். மேட்டில் தனி வீடு. வாசலில் கால் வைத்து, "உங்க பேத்தியைப் பத்திப் பேசத்தான்" என்று வாயெடுப்பதற்குள், உள்ளே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த செல்லப்பாண்டியின் அப்பா சின்னச்சாமி பதறி எழுந்தார்.

"வாத்தியாரே, வாசல்ல நின்னு எதுவும் பேசாதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன். உள்ள வாங்க, இல்லைன்னா கீழ எறங்கிப் போயிருங்க."

ஜலாலுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் நின்றால் என்ன? தாம் வேற்று மதத்தான் என்பதால் சொல்கிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்து மனம் சுருங்கினார். உள்ளே அழைக்கிறாரே, அப்படியும் இல்லையே என்று குழம்பியபடி இறங்கி நடந்தார். ஓடைக்கு வந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கந்தம்மாளின் தாய் காளியாயி, இடுப்பில் குடத்தோடு. நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது. தலையில் காட்டுச் சாமந்தி வைத்திருந்தாள்.

"அடிச்சீங்களாமே" என்றாள்.

"ஆமாம்மா. கோபத்துல கொஞ்சம் அதிகமாயிருச்சு. ஆனா அவ நடத்தை..."

"நல்லா அடிங்க. நிறுத்திராதீங்க."

அவர் அவளைப் பார்த்தார். இப்படிச் சொல்கிற தாய்மாரை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். பெற்றவர்கள் வாய்வார்த்தைக்குச் சொல்வது வழக்கம். இவள் குரலில் இருந்தது கெஞ்சல்.

"இந்த ஊர்ல அவளை முந்தி மாதிரி நடத்துறது நீங்க ஒருத்தருதான் வாத்தியாரே. மத்தவுக எல்லாம் அவளைப் பாத்தா எரக்கப்படுறாக. அது அவளுக்குத் தெரியுது. என்னான்னு தெரியல, அதான் கடிக்கிறா."

"எதுக்கு எரக்கம்?"

காளியாயி குடத்தை இறக்கி வைத்தாள்.

"சேனாதிபதி அண்ணன் மாட்டோட வந்தாருல்ல, அன்னைக்கு வீட்டுக்கு வரல. இந்தா, இந்த ஓடைக்கு அந்தப்பக்கமா நின்னாரு. தலைப்பாகையை அவுத்து கக்கத்துல வச்சுக்கிட்டாரு. 'கீழ காய்ச்சல் பொல்லாததா இருக்கு தங்கச்சி' அப்படின்னாரு. அவ்வளவுதான். அவரு கையில கந்தம்மா அப்பனோட கம்பளி இருந்துச்சு. என்கிட்டக் குடுக்கல. திரும்பிப் போயிட்டாரு."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளே விளக்கிச் சொன்னாள்.

அந்தக் குடியில் ஒரு நடைமுறை இருந்தது. ஊருக்கு வெளியே யாராவது இறந்துபோனால், சேதி கொண்டுவந்தவன் வீட்டு வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னபிறகுதான் அது சாவு. அதுவரை அழுகை இல்லை, தீட்டு இல்லை, தாலி இறங்குவதில்லை. தீட்டு விழுந்த வீட்டின் விதைப்பூண்டை அந்த ஊரில் மண்ணில் வைக்கமாட்டார்கள். வைத்தால் முளைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. ஊன்றும் காலத்தில் சாவுச் சேதி வந்தால், கொண்டுவந்தவன் வாசலுக்கு வராமல் தூரத்திலேயே நின்றுவிடுவான். வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். ஊரும் புரிந்துகொள்ளும். பூண்டு ஊன்றி முடியும்வரை எல்லாரும் வாயைக் கட்டிக்கொள்வார்கள். அவரவர் பிள்ளைகளையும் அதட்டி வைப்பார்கள்.

அந்த வருஷம் மழை விடவில்லை. ஐப்பசி முழுக்கக் கொட்டிக்கொண்டே இருந்தது. மண் சேறாகக் கிடந்தது. விதைப்பூண்டு அடுப்புக்கு மேலே பரணில் புகையில் காத்திருந்தது. அதைவிட்டால் அந்த வீட்டுக்கு அடுத்த வருஷச் சோறு கிடையாது.

"மாமாவுக்குத் தெரியும்" என்றாள் காளியாயி. "எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறதில்ல. நான் வெள்ளனே எந்திரிச்சுப் பூ வச்சுக்கிறேன். அவரு மகன் எப்ப வருவான்னு என்னைக் கேக்குறாரு. நான் அடுத்த நடைக்குங்கிறேன். இந்தச் சிறுக்கி மட்டும் மணி கேட்டா ஓடுறா." அவள் குரல் உடைந்தது. சேலைத் தலைப்பை வாயில் திணித்து அடக்கிக்கொண்டாள். அழக்கூட உரிமையில்லாத அழுகை அது. "நேத்து எப்படி இருந்தீங்களோ, நாளைக்கும் அப்படியே இருங்க வாத்தியாரே. மழை விட்டுரும். நாங்க வெரசா ஊனிருவோம். அதுவரைக்கும் அவ எதுவும் தெரியாம இருக்கட்டும்."

"இருக்கேம்மா" என்று வாக்குக் கொடுத்தார். சுலபமான வாக்கு என்றே நினைத்தார். ஒன்றும் செய்யவேண்டாம், நேற்றைப்போல இருந்தால் போதும்.

மறுநாள் காலை கந்தம்மாள் வந்தாள். உள்ளங்கையில் நேற்றைய கோடுகள் சிவந்து தடித்திருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் பாடத்தை ஆரம்பித்தார். நடுவில் மணி கேட்டது. அவள் ஓடினாள். சேனாதிபதி வேலியைத் தாண்டும்போது முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு போனதை, முதல் தடவையாக ஜலாலுதீன் கவனித்தார். எத்தனை நாளாக இப்படிப் போகிறான்? நாம் எப்படிப் பார்க்காமல் இருந்தோம்?

அவள் திரும்பி வந்தாள். உட்காரவில்லை. எழுதுகிற மணல் தட்டை எடுத்து, அவரைப் பார்த்துக்கொண்டே கவிழ்த்தாள். மணல் பாயெல்லாம் சிதறியது.

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். பிரம்பு மேஜைமேல் இருந்தது. எடுக்கவேண்டும், நேற்றைப்போல. அவர் கையை நீட்டினார். கை பிரம்பைத் தொட்டது. அவளோ உள்ளங்கைகளை விரித்து நீட்டிக்கொண்டு நின்றாள், அடிக்கு ஆசைப்படுகிறவள்போல. அந்தச் சிவந்த கோடுகளைப் பார்த்ததும் அவர் பிரம்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். தகப்பனில்லாத பிள்ளை. தகப்பனில்லை என்பதுகூடத் தெரியாத பிள்ளை.

"போய் உக்காரு தாயி" என்றார்.

அவர் அவளைத் தாயி என்று அழைத்ததே இல்லை. சொன்ன பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது.

கந்தம்மாளின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. முகம் வெளிறிப்போயிற்று. போய் உட்கார்ந்தாள்.

பள்ளி விட்டு எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். சிதறிய மணலைக் கையால் கூட்டித் தட்டில் அள்ளிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அய்யாவுக்கும் சொல்லிட்டாகளா?"

"என்னது?"

"நேத்து வரைக்கும் அடிச்சீங்க. இன்னைக்கு அடிக்கல. தங்கமுத்து மாதிரியே பாக்குறீங்க."

அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்பன் அடுத்த நடைக்கு வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கலாம். ஊரே சொல்கிற பொய்தானே? அவர் பேசாமல் நின்ற அந்தச் சிறிது நேரத்தில் அந்தக் குழந்தைக்குக் கேட்கவேண்டியதெல்லாம் கேட்டுவிட்டது.

அவள் மணலை அள்ளுவதை நிறுத்தவில்லை. ஒரு பொடிகூட விடாமல் பாயின் இடுக்கிலிருந்து நகத்தால் எடுத்தாள்.

"பூண்டு ஊனணும்ல" என்றாள். கேள்வியா, பதிலா என்று தெரியவில்லை. அவளும் அந்த ஊர்ப் பிள்ளைதானே. மற்ற வீடுகளில் நடந்ததைப் பார்த்தே வளர்ந்தவள். "அம்மாவுக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியும்னு அம்மாகிட்டச் சொல்லிராதீங்க. பாவம், தெனமும் பூ வச்சுக்குது."

ஜலாலுதீன் சுவரில் சாய்ந்துகொண்டார். தேற்றவேண்டியவர் அவர். ஒன்பது வயதுப் பெண் எழுந்து, மணல் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மணி கேட்டபோது அவள் ஓடமாட்டாள் என்று அவர் நினைத்தார். ஓடினாள். முன்னைவிட வேகமாக ஓடினாள். வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவரை நேராகப் பார்த்தாள். அவருக்கு விளங்கியது. அவள் ஓடுவதை நிறுத்திவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊருக்குத் தெரிந்தால் தாய்க்குத் தெரிந்துவிடும். அவள் தாய்க்காக ஓடினாள். வராத தகப்பனை எதிர்பார்ப்பதுபோல் நடித்துக்காட்ட ஓடினாள்.

பலகையைக் காட்ட மேஜையருகே வந்தபோது முணுமுணுத்தாள்: "என்னை வையுங்கய்யா. வையலைன்னா மத்தவுகளுக்குச் சந்தேகம் வந்துரும்."

"ஓடுகாலிக் கழுதை" என்றார் அவர். குரல் எழும்பவில்லை.

"இன்னும் சத்தமா."

அவர் சத்தமாகத் திட்டினார். மேஜையைத் தட்டினார். பிள்ளைகள் பயந்து ஒடுங்கினார்கள். கந்தம்மாள் திட்டு வாங்குகிறவளைப்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி நின்று கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு நடை மாடு வரும்போதும் இந்த நாடகம் நடந்தது. அவள் ஓடுவாள், அவர் திட்டுவார். உலகத்தில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த நாடகம். ஆனால் இப்போது அவள் யாரையும் கடிப்பதில்லை. பாண்டி விளையாட்டில் விட்டுக்கொடுத்தால் வாங்கிக்கொள்வாள்.

ஒரு நாள் அவர் தாங்காமல், "இங்க யாரும் இல்ல தாயி, கொஞ்சம் அழுதுக்க" என்றார்.

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு சிவந்துரும்யா. தாத்தா கண்டுபிடிச்சுருவாரு" என்றாள்.

ஒருவழியாக மழை விட்டது. வெயில் ஏறியதும் ஊரே காட்டுக்கு இறங்கியது. முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக் காட்டிலும் எல்லாரும் கூடி ஊன்றினார்கள். செல்லப்பாண்டி காட்டில் ஊன்றிய அன்று பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஜலாலுதீனும் மிச்சப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அங்கே போய் நின்றார். காளியாயி குனிந்து குனிந்து பல் பல்லாக மண்ணில் வைத்துக்கொண்டு போனாள். கந்தம்மாள் அவளுக்குப் பின்னாலேயே மண்ணை மூடிக்கொண்டு போனாள். சின்னச்சாமி கூடையைச் சுமந்தார். "என்ன காளியாயி, புருசன் வர்றதுக்குள்ள முடிச்சுரணும்னு இந்தப் பறப்புப் பறக்குறே?" என்று யாரோ ஒருத்தி வழக்கம்போலக் கேலி பேசினாள். "பின்ன? வந்ததும் குத்தம் சொல்லும்ல" என்றாள் காளியாயி. எல்லாரும் சிரித்தார்கள். கந்தம்மாளும் சிரித்தாள்.

கடைசிக் கூடை காலியானதும் சிரிப்பு நின்றுபோயிற்று. அவரவர் கலைந்து போனார்கள்.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மணிச் சத்தம் வந்தது. வேலியைத் தாண்டியது. வழக்கமாக ஊருக்குக் கீழ்ப்பக்கமாகப் போகும் சத்தம், அன்று மேட்டை நோக்கி ஏறிச் செல்லப்பாண்டி வீட்டுப் பக்கம் போய் நின்றது. பிள்ளைகள் தாங்களாகவே எழுந்தார்கள். அவர்களுக்கும் தெரியும். ஒருவர் பின் ஒருவராக வெளியே போய் மேட்டைப் பார்த்து நின்றார்கள்.

கந்தம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கந்தம்மா" என்றார் ஜலாலுதீன்.

"இந்த வரி முடியட்டும்யா."

எழுதி முடித்தாள். பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அப்போது மேட்டிலிருந்து காளியாயியின் குரல் எழுந்தது. இத்தனை நாளும் பூவுக்கும் குங்குமத்துக்கும் அடியில் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் ஒரே வீச்சில் மலையைப் பிளந்துகொண்டு வந்தது. அதற்குப் பின்னால் கிழவரின் குரல். மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டது.

கந்தம்மாள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப அழலாமாய்யா?"

"அழு தாயி. அழு. நல்லா அழு" என்றார் அவர். அவருக்குத்தான் கண்ணீர் வழிந்தது.

அவள் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள். கண்ணை இறுக மூடினாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். குழந்தைகள் அழுகைக்கு முன்னால் என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் செய்து பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. கண்ணைத் திறந்து, தப்புச் செய்துவிட்டவள்போல அவரைப் பார்த்தாள்.

"வரமாட்டேங்குதுய்யா. அம்மா தப்பா நெனைக்குமா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு அழைத்துப் போனார். ஊர் விலகி வழிவிட்டது. வாசலில் சேனாதிபதி கம்பளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்தி உட்கார்ந்திருந்தான். பூவைப் பிய்த்தெறிந்து குங்குமத்தைத் தானே அழித்துக்கொண்டு கிடந்த காளியாயி மகளைக் கண்டதும் கையை விரித்தாள். "உங்கப்பன் போயிட்டாருடி கந்தம்மா, உங்கிட்டக்கூடச் சொல்லாம வச்சிருந்தேனேடி பாவி" என்று அவளை இழுத்து மார்பில் மோதிக்கொண்டாள். தாயின் தோளுக்கு மேலே கந்தம்மாளின் முகம் தெரிந்தது. காய்ந்த கண்களோடு, தாயின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பப் பள்ளிக்கு வந்தாள். அந்த வீட்டுப் பூண்டு அந்த வருஷம் நன்றாகவே முளைத்தது. தை மாசம் இன்ஸ்பெக்டர் மட்டக்குதிரையில் வந்து இறங்கினார். இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே வகுப்பைச் சுற்றி வந்தவர் கந்தம்மாளுக்கு முன்னால் நின்றார். சொன்னதைச் செய்தாள், கேட்டதற்குச் சொன்னாள், மற்ற நேரம் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"இதுதான் ஒழுக்கம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எப்படி வாத்தியாரே இவ்வளவு நல்லாப் பழக்கி வச்சிருக்கீர்?"

ஜலாலுதீன் அன்று ராச்சோறு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் பிரம்பைத் தொடவில்லை. அவளை எப்படியாவது பழைய கந்தம்மாளாக ஆக்கிவிடவேண்டும் என்று படாத பாடு பட்டார். வேண்டுமென்றே அவளைச் சீண்டுவார். "ஏன் கந்தம்மா, தங்கமுத்து உன்னைவிட நல்லா எழுதுறாளே" என்பார். "ஆமாய்யா" என்பாள். மணல் தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார். அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு நாள் கரும்பலகையில் பதினேழையும் இருபத்தைந்தையும் எழுதிக் கூட்டி, கீழே நாற்பத்து மூன்று என்று போட்டார். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். "ஏலே, அய்யா தப்பாப் போட்டுட்டாருலே" என்று பின்னால் ஒரு குரல். "தப்புய்யா, தப்புய்யா" என்று கூச்சல் கிளம்பியது. அவர் கந்தம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தட்டும், எழுந்து ஓடிவந்து கையிலிருக்கும் சாக்குக் கட்டியைப் பிடுங்கட்டும் என்று அல்லாவை வேண்டிக்கொண்டார்.

அவள் பலகையில் நாற்பத்திரண்டு என்று முன்னமே எழுதியிருந்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். தன் பலகையைப் பார்த்தாள். விரலில் எச்சில் தொட்டுத் தன் விடையை அழித்துவிட்டு, நாற்பத்து மூன்று என்று நிதானமாக எழுதினாள்.

அவர் அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"நீ போட்டதுதானே தாயி சரி. எதுக்கு அழிச்சே?"

கந்தம்மாள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, குத்திக்காட்டுகிற நோக்கமும் இல்லை.

"அய்யாவுக்குத் தெரியாமயா இருக்கும்? நீங்க மாத்தி எழுதுனா அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும்ல" என்றாள்.